வெறும் வெளிச்சம்

2003 மே 19, திங்கள்

விடிந்ததிலிருந்தே அனல். கடையில் மிளகாய் வத்தல் லோடு இறக்குகிறார்கள். நெடி அடுப்படி வரை. தும்மி முடித்துத்தான் காப்பி.

போட்டோக்கார பால்ராஜ் வந்தார். பேத்தி கவிதா கல்யாணத்துக்குப் போட்டோ, வீடியோ இரண்டும் என் பொறுப்பு. மகன் முருகேசன் சொன்னது ஒன்றே ஒன்று: "பன்னெண்டாயிரத்தத் தாண்டக் கூடாதும்மா. மத்ததெல்லாம் உங்க இஷ்டம்."

பால்ராஜ் பதினெட்டில் ஆரம்பித்தார். நான் ஐந்தாம் வகுப்புத்தான். ஆனால் வீட்டுக்காரர் போன பிறகு கமிஷன் கடைக் கல்லாவில் உட்கார்ந்தவள். பேசிப் பேசி பன்னிரண்டுக்கு இறக்கினேன். மனுஷர் வேர்த்துப் போனார்.

முடிவானது:
வீடியோ: ஒரு கேமரா, ஒரு லைட்டு. சி.டி.யில் போட்டுத் தருவார்.
போட்டோ: ஐந்து ரோல்.
ஆல்பம்: ஒன்றுதான், மாப்பிள்ளை வீட்டுக்கு. நமக்குத் தனித்தனிப் படம்.
இதய வடிவ ஆர்ட்டின் படத்துக்குள் மாப்பிள்ளை பொண்ணு முகம் வருவது: இலவசம்.
சூலக்கரைப் பக்கம் பூச்செடி முன்னால் நிறுத்தி எடுப்பது: கிடையாது. அந்தக் கோபத்தில் கவிதா மதியம் சாப்பிடவில்லை.

ஐந்து ரோல் சடங்குகளுக்கே சரியாகப் போய்விடும். மொய் வைக்க மேடை ஏறுகிற கூட்டத்துக்கு என்ன செய்ய? அதற்கும் பால்ராஜ் ஒரு வழி வைத்திருந்தார்.

"எல்லாரையும் எடுக்க முடியாது ஆச்சி. எடுக்கலைன்னா கோவிச்சுக்கிடுவாக. அதனால வேண்டியவுகளுக்கு மட்டும்தான் நெசமா எடுப்பேன். மத்தவுகளுக்கு ஃபிளாஷ் மட்டும் மின்னும், பிலிம் ஓடாது. அவுகளும் சிரிச்சிட்டு எறங்கிப் போயிருவாக."

"பெறகு படம் எங்கன்னு கேட்டா?"

"யாரு கேக்கா? ஆல்பம்தான் மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிருதே."

யார் வேண்டியவர் என்று அவருக்குத் தெரியாது. நான் பக்கத்தில் நிற்க வேண்டும். சும்மா நின்றால் நிஜப் படம். முந்தானையைத் தோளில் இழுத்துப் போட்டால் வெறும் வெளிச்சம். சிரிப்பு அடங்கவில்லை எனக்கு. மூளைக்காரர்தான். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

மே 22, வியாழன்

பத்திரிகை வைக்க எம். புதுப்பட்டி. தங்கச்சி பாக்கியம் வீடு. பஸ்ஸில் நின்றே போனேன், முழங்கால் விட்டுப்போயிற்று.

பாக்கியம் பட்டாசுக் கம்பெனியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். முழங்கை வரை அலுமினியப் பவுடர், வெள்ளி பூசின மாதிரி. அந்தக் கையால் பத்திரிகையைத் தொட மாட்டேன் என்று, தட்டில் வைக்கச் சொன்னாள். மஞ்சள் தடவின பத்திரிகை அழுக்காகிவிடுமாம்.

அவள் மகள் முத்துமாரிக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். அச்சாபீசில் காலண்டர் வேலைக்குப் போகிறாள். நல்ல களையான முகம்.

"தரகரு போட்டோ கேட்டு நச்சரிக்காருக்கா. ஸ்டூடியோவுக்குக் கூட்டிட்டுப் போனா இவ வெறச்சுப்போய் நிக்கா. பள்ளிக்கூடத்துல எடுத்தது ஒண்ணு கெடக்கு, அதுல ரெட்டைச் சடை. கவிதா கல்யாணத்துல எடுத்தம்னா சேல, நகைன்னு லெச்சணமா இருக்கும்ல?"

"அதுக்கென்னடி. போட்டோக்காரர் பக்கத்துல நிக்கப்போறதே நான்தான்."

முத்துமாரி கேட்டாள்: "பெரியம்மா, நான் எந்தப் பக்கம் நிக்கணும்? பொண்ணு பக்கமா, மாப்பிள்ளை பக்கமா?"

"நீ எங்கன நின்னாலும் அழகுதான்."

கருப்பட்டிக் காப்பி கொடுத்தார்கள். திரும்பும்போது உட்கார இடம் கிடைத்தது.

ஜூன் 7, சனி

மாப்பிள்ளை வீட்டார் தூத்துக்குடியிலிருந்து வந்து இறங்கிவிட்டார்கள். இரண்டு வேன். பால் ஒரு குடம் திரிந்துவிட்டது.

சம்பந்தியம்மா, அதாவது மாப்பிள்ளையின் அம்மா, எதிரில் யார் போனாலும் "இவுக யாரு, என்ன வியாபாரம்?" என்று கேட்கிறார். நானும் சளைக்காமல் சொன்னேன். எண்ணெய்ச் செட்டு, பருப்பு மில்லு, லாரி ஆபீசு. சொல்லச் சொல்ல நெஞ்சு நிமிர்ந்தது.

ஜூன் 9, திங்கள்

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. நேற்று எழுத உடம்பில் தெம்பில்லை. கடைசிப் பந்தியில் சாம்பார் தீர்ந்து ரசத்தில் சமாளித்தார்கள். கவிதா கிளம்பும்போது அழவில்லை. நான்தான் அழுதேன்.

எழுத வேண்டியது அது இல்லை.

தாலி கட்டு முடிந்து மொய் வரிசை. பால்ராஜ் பக்கத்தில் நான், என்னை ஒட்டிச் சம்பந்தியம்மா. பால்காரர் வந்தார், முந்தானை. பருப்பு மில்லுக்காரர் குடும்பம், சும்மா நின்றேன். தெருமுனை டீக்கடைக்காரர், முந்தானை. முதலில் ஒவ்வொருவருக்கும் யோசித்தேன். போகப்போகத் தானாக வந்தது. உள்ளதைச் சொன்னால், பெருமையாகக்கூட இருந்தது.

பாக்கியம் வீட்டார் மேடை ஏறினார்கள். அவள், வீட்டுக்காரர், மகன், முத்துமாரி. பாக்கியம் கையை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துச் சிவக்க வைத்திருந்தாள். நகக்கண்ணில் மட்டும் வெள்ளி போகவில்லை. மகனை அதட்டினாள்: "ஏலே, காலரை எறக்கி விடுலே, படத்துல விழும்." முத்துமாரி பச்சைப் பட்டில் இருந்தாள். அடுத்த வீட்டில் இரவல் வாங்கினது. கழுத்துச் சங்கிலியும் இரவல்தான்.

சம்பந்தியம்மா என் காதில் சொன்னார்: "யாரும்மா இவுக? நகமெல்லாம் ஒரு தினுசா மினுங்குது. பட்டாசு வேலைக்குப் போறவுகளா?"

"தூரத்துச் சொந்தம்" என்றேன்.

சொல்லிக்கொண்டே முந்தானையை இழுத்துப் போட்டேன்.

வெளிச்சம் மின்னியது. முத்துமாரி சிரிப்பைக் கலைக்காமல் நின்றாள், இன்னொன்று எடுப்பாரோ என்று. இறங்கும்போது பால்ராஜிடம் கேட்டாள்: "நல்லா விழுந்துச்சா அண்ணே?"

"அம்சமா விழுந்திருக்கும்மா."

அவர் என் பக்கம் திரும்பவில்லை.

ரோல் தீரப்போகிறது, மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் பின்னால் காத்து நிற்கிறார்கள். அதனால்தான் அப்படிச் செய்தேன்.

ஜூன் 19, வியாழன்

பால்ராஜ் படங்களைக் கொண்டுவந்தார். கவிதா கண்ணை மூடினது இரண்டு. தாலி கட்டுப் படம் ரொம்ப நன்றாக வந்திருக்கிறது. ஆர்ட்டின் படத்துக்குள் மாப்பிள்ளைக்கு ஒரு காதைக் காணோம்.

அடியில் ஒரு கட்டு. மண்டப வாசல் வாழைமரம். நேராக, சாய்வாக, தார் மட்டும் தனியாக.

"இது எதுக்குய்யா?"

"ரோல்ல மிச்சம் கெடந்துச்சு ஆச்சி. வீணாப் போகக் கூடாதேன்னு எடுத்தேன்."

9ஆம் தேதி கடைசியாக எழுதினது பொய். யாரும் பார்க்காத இடத்தில்கூடப் பொய் எழுதியிருக்கிறேன். ரோல் தீரவில்லை. நகத்தைப் பார்த்துத்தான் இழுத்துப் போட்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

தண்ணி வரவில்லை. லாரியில் வாங்கினோம்.

பாக்கியம் போன் பண்ணினாள். கம்பெனி வாசல் ஒரு ரூபாய் போன். பின்னால் வேன் சத்தம்.

"படம் வந்துருச்சாக்கா? தரகரு ஞாயித்துக்கெழமை வாராரு."

"இன்னும் கழுவலைடி. ஸ்டூடியோவுல கூட்டமாம்."

"சரிக்கா. ஒரு நல்ல எடம் வந்திருக்கு, அதான். சாத்தூர்ல லேத்துப் பட்டறை வச்சிருக்கான் பையன். அவசரமில்ல, நீ மெதுவா வாங்கி வையி."

காசு தீர்ந்து லைன் அறுந்தது.

பால்ராஜிடம் கேட்டேன், வீடியோவிலிருந்து படம் எடுக்க முடியுமா என்று. "புள்ளி புள்ளியா வரும் ஆச்சி. மூக்கு எது, மூக்குத்தி எதுன்னு தெரியாது. பேசாம அந்தப் பிள்ளையப் புதுசா எடுத்துருவோம்." எடுக்கலாம். ஏன் மறுபடியும் என்று கேட்டால் என்ன சொல்ல? படம் கெட்டுப்போய்விட்டது என்று சொல்லலாம். யோசித்து வைத்திருக்கிறேன். இதையும் சேர்த்தால் எத்தனை பொய்?

ஜூன் 29, ஞாயிறு

மாப்பிள்ளை செந்தில், கவிதா, சம்பந்தியம்மா மூன்று பேரும் விருந்துக்கு வந்தார்கள். கோழி, முட்டை, பருப்புப் பாயசம். சாப்பிட்டுவிட்டு வீடியோ சி.டி. போட்டார்கள். முருகேசன் கடையில். மருமகள் அடுப்படியில்.

அந்த நேரம் பார்த்து வாசலில் பாக்கியமும் முத்துமாரியும். கையில் சாத்தூர் காராச்சேவுப் பொட்டலம். "தரகரு சாயங்காலம் வாராருக்கா. படத்தக் கையோட வாங்கிட்டுப் போயிரலாம்னு வந்தோம்." உட்காருங்க, படம் ஓடுது என்றேன். வேறு என்ன சொல்ல.

டி.வி.யில் மொய் வரிசை. வீடியோக்காரர் கீழே நின்று எடுத்திருக்கிறார். மேடையும் தெரிகிறது, பால்ராஜும் தெரிகிறார், நானும் தெரிகிறேன். என்னையும் படம் பிடிப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கவிதாதான் ஆரம்பித்தாள். "அப்பத்தாவப் பாருங்களேன், நிமிசத்துக்கு ஒருக்க முந்தானைய இழுத்து விடுறாக! அம்புட்டு வெக்கமா?"

செந்தில் சிரித்தார். அவர் கூட்டாளி ஸ்டூடியோ வைத்திருக்கிறாராம். "அது வெக்கமில்ல, சிக்னலு. முந்தானைய இழுத்தா அந்த ஆளுக்குப் பிலிம் கெடையாது. வெறும் வெளிச்சந்தான். பாட்டி பெரிய ஆளுதான் போங்க!"

ஒரே சிரிப்பு. கவிதா கை தட்டினாள். "பால்காரருக்குப் போச்சு! டீக்கடை அண்ணாச்சி, பாவம், அவருக்கும் போச்சு!" பாக்கியமும் சேர்ந்துதான் சிரித்தாள். முத்துமாரியும்.

நிறுத்துங்க, கண் வலிக்குது என்றேன். யாரும் கேட்கவில்லை.

பச்சைப் பட்டு மேடை ஏறியது. டி.வி.யில் நான் சம்பந்தியம்மா பக்கம் சாய்ந்து ஏதோ சொல்கிறேன். முந்தானையை இழுத்துப் போடுகிறேன். முத்துமாரி சிரித்துக்கொண்டு நிற்கிறாள், நிற்கிறாள்.

சிரிப்புச் சத்தம் நின்றது.

சம்பந்தியம்மாதான் பேச்சை மாற்றினார். பாக்கியத்தைப் பார்த்து, "அட, இவுகதான! தூரத்துச் சொந்தம்னு சொன்னாக. எந்த வழியில சொந்தம்மா நீங்க?"

பாக்கியம் என்னைப் பார்த்தாள். கண் மூடித் திறக்கிற நேரம்.

"ஆமாங்க. ரொம்பத் தூரம். புதுப்பட்டிப் பக்கம்" என்றாள்.

கவிதா என்னையே பார்த்தாள். சின்ன அப்பத்தா என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவள், வாயைத் திறக்கவில்லை. அவள் எனக்காகத்தான் பேசாமல் இருந்தாள். அதுதான் தாங்க முடியவில்லை.

என் தங்கச்சி என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

"அஞ்சு மணி பஸ்ஸ விட்டுட்டா பெறகு சிரமம்" என்று இரண்டு பேரும் எழுந்துவிட்டார்கள். பாயசம் வேண்டாம் என்றார்கள். படத்தைக் கேட்கவே இல்லை.

ஜூலை 2, புதன்

இரண்டு நாளாக எழுதவில்லை. காராச்சேவுப் பொட்டலம் பிரிக்காமல் கிடக்கிறது. மருமகள் பிரிக்க வந்தாள், அதட்டினேன். அப்புறம் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

ஜூலை 6, ஞாயிறு

பால்ராஜை வண்டியில் வரச் சொல்லிவிட்டு, நான் பஸ்ஸில் புதுப்பட்டி. மருமகளின் அரக்குப் பட்டு, என் இரட்டைவடச் சங்கிலி, பிச்சிப்பூ நாலு முழம். பொய் எதுவும் தயார் பண்ணிக்கொண்டு போகவில்லை. உண்மையும் தயாராக இல்லை.

முத்துமாரி பையைப் பார்த்தாள். உள்ளே போய் ஒரு பூப்போட்ட நூல் சேலையில் வந்தாள்.

"பட்டு கொண்டாந்திருக்கேன்டி."

"இது என் சேல பெரியம்மா. இதுல எடுத்தாப் போதும்." பூவை மட்டும் வாங்கிக்கொண்டாள். வேப்பமரத்தடியில் போய் நின்றாள். நான் பால்ராஜ் பக்கத்தில் போய் நிற்கப் போனேன், பழக்க தோஷம்.

"பெரியம்மா, நீங்க உள்ள இருங்க."

மரியாதையாகத்தான் சொன்னாள்.

உள்ளே பாக்கியம் அடுப்பில் டீ வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். வெளியே பால்ராஜ், "கொஞ்சம் சிரிம்மா, கொஞ்சம் சிரி" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"பாக்கியம், அன்னைக்கு நான்..."

"ஒனக்குச் சுகர் இருக்குல்ல? சீனி போடவா, வேண்டாமா?"

"போடாத."

அதோடு பேச்சு முடிந்தது.

பால்ராஜ் எட்டிப் பார்த்தார். "ரெண்டு பேரும் வாங்க ஆச்சி. அக்கா தங்கச்சி சேந்து ஒண்ணு எடுத்துருவோம்."

பாக்கியம் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாள்: "வேண்டாம்யா. பிலிம் எதுக்கு வீணா."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

திரும்பும்போது பட்டுப் பை மடியில் கனத்தது.

ஜூலை 8, செவ்வாய்

காற்று. தூசி. மத்தியானம் எல்லோரும் படுத்த பிறகு தூத்துக்குடிக்குப் போன் போட்டேன். சம்பந்தியம்மாதான் எடுத்தார். கவிதா நன்றாக இருக்கிறாளாம், மீன் குழம்பு வைக்கப் பழகிவிட்டாளாம். உங்க முழங்கால் எப்படி என்றார். அவரைப் பேச விட்டேன். பேசி முடிக்கட்டும் என்று இருந்தேன்.

"ஒண்ணு சொல்லணும் சம்பந்தியம்மா. அன்னைக்கு வந்தாளே பாக்கியம். தூரத்துச் சொந்தம் இல்ல. என் கூடப் பொறந்தவ. பட்டாசுக் கம்பெனியிலதான் வேல பாக்கா. ஒரே தங்கச்சி எனக்கு."

ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

"அப்படியா" என்றார். அப்புறம், "ஆல்பம் இந்தா கையிலதான் இருக்கு. கவிதா பாத்துக்கிட்டிருந்தா. எந்தப் பக்கத்துல இருக்காக ஒங்க தங்கச்சி? சொல்லுங்க, நல்லாப் பாத்துக்கிடுறேன்."

அவர் ஒவ்வொரு தாளாகப் புரட்டுவது போனில் கேட்டது.