நான் விட்ட பக்கம்

மே 6, 2025, செவ்வாய்

நோபல் பார்க் சமூக நிலையத்தில் என் ஆங்கில வகுப்பு. ரஷ்ய மொழி பேசுபவர்கள் ஒன்பது பேர். இன்று மரபுத்தொடர்கள். பெருமழை என்றால் இங்கிலிஷில் நாயும் பூனையுமாகப் பெய்யும் என்றேன். லரிசா சிரித்தாள். "எங்களுக்கு வாளியால ஊத்தும்." கார்கிவ்விலிருந்து வந்தவள், அறுபத்து மூன்று வயது. குறிப்பெழுதும் கொப்பியில் இடப்பக்கம் இங்கிலிஷ், வலப்பக்கம் ரஷ்யன். தமிழில் எங்களுக்குக் கொட்டோ கொட்டெண்டு கொட்டும் என்றேன். என் கணவர் செந்தில்நாதன் போனபிறகு வாய்விட்டுச் சிரித்தது இன்றுதான்.

மே 13

லரிசாவின் கணவர் போரிஸுக்குப் பக்கவாதம். தானாகப் புரண்டு படுக்கக்கூட முடியாதாம். வகுப்பு முடிய அவளை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டேன். உள்ளே போகவில்லை.

மே 20

என் பாடக் குறிப்பில் ஏழாம் பக்கத்தை விட்டுவிட்டேன். நோய், மரணம் பற்றிய தொடர்கள். ஆஸ்பத்திரியில் இதுகளை நேரே சொல்லமாட்டார்கள். செந்திலுக்கு "ஸ்லிப்பிங் அவே" என்றார்கள், நழுவிப் போகிறாராம். அதைப் பலகையில் என் கையால் எழுத ஏலாது. எட்டாம் பக்கத்துக்குப் போனேன். ஒருத்தரும் கேட்கவில்லை.

மே 22, வியாழன்

காலை பத்தரைக்கு லரிசாவின் மெசேஜ், உடைந்த இங்கிலிஷில். ஆஸ்பத்திரியிலிருந்து நேர்ஸ் போன் எடுத்தாளாம், போரிஸ் தானாகத் திரும்பிப் படுத்துவிட்டாராம், நல்ல செய்தியாம். சூப் வைத்துக்கொண்டு போகப்போறாளாம்.

"மிகச் சந்தோஷம்!" என்று பதில் போட்டேன்.

பிறகு மரக்கறி வெட்டிக்கொண்டு நிற்கும்போதுதான் — நேர்ஸ் என்ன சொல்லியிருப்பாள்? "ஹி ஹாஸ் டேக்கன் எ டேர்ன்." திரும்பிப் படுத்தார் எண்டில்லை. திடீரெண்டு மோசமாயிட்டார் எண்டது. உடன வாங்கோ எண்டது.

ஆறு தரம் லரிசாவுக்குப் போன் எடுத்தன். அவள் எடுக்கேல்லை. காரில அவள் வீட்டுக்கு ஓடினன். ஏப்ரனோட கதவைத் திறந்தாள், அடுப்பில பானை. அப்படியே ஏத்திக்கொண்டு போனன். பன்னிரண்டு பத்துக்கு முடிஞ்சுதாம். நாங்கள் போகப் பன்னிரண்டரை.

மே 23

ஏழாம் பக்கம், மூன்றாவது வரி: "டேக்கன் எ டேர்ன்."

மே 29

அடக்கம். லரிசா என் கையைப் பிடித்து எல்லாருக்கும் காட்டினாள். "இவள்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனவள்." கையை இழுக்கவும் முடியேல்லை.

மகள் மிருணாளினி, "நொட் யுவர் ஃபோல்ட், அம்மா" என்கிறாள், என் பிழை இல்லையாம். அவளுக்கு மெசேஜைப் பற்றித்தான் சொன்னேன். பக்கத்தைப் பற்றிச் சொல்லவில்லை.

ஜூன் 4

அந்த நேர்ஸின் குரலை நான் கேட்டதே இல்லை. ஆனாலும் குசினியில் சமைக்கும்போது கேட்குது, சிவப்பு விளக்கில் கார் நிற்கும்போது கேட்குது. அமைதியான குரல். ஒவ்வொருமுறையும் அதே ஐந்து சொல். அதற்கு நான் ஒவ்வொருமுறையும் மிகச் சந்தோஷம் என்கிறேன்.

ஜூன் 10

சொல்லிவிட்டேன். அவள் வீட்டு மேசையில் ஏழாம் பக்கத்தை வைத்தேன். விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தாள். மூன்றாவது வரியில் விரல் நின்றது.

"இது உன்னட்டை எப்ப இருந்தது?"

"அவர் சாக ரெண்டு நாளுக்கு முதல். வகுப்பில. எனக்கு அதைப் படிப்பிக்க ஏலாமப் போச்சு, லரிசா."

"உனக்கு ஏலாமப் போச்சு."

எழும்பிப் போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். நான் வெளியில வந்தன்.

ஜூன் 17

ஏழாம் பக்கம் படிப்பித்தேன். லரிசா வரவில்லை. எட்டுப் பேர்.

ஜூன் 24

எட்டுப் பேர்.

ஜூலை 3, வியாழன்

மத்தியானம் போன் அடித்தது. லரிசா. வணக்கம் ஒன்றும் இல்லை. "கிளினிக்கில இருந்து ஒருத்தி லைனில நிக்கிறாள். எனக்கு நெஞ்சுப் பரிசோதனை. நீ கேட்டுச் சொல்லு, சயந்தினி. ஒண்டையும் விடாதே."

அந்தக் கிளினிக் பிள்ளை ஒவ்வொரு வசனமாகச் சொன்னாள், நான் ஒவ்வொன்றையும் லேசான இங்கிலிஷில் திருப்பிச் சொன்னேன். திங்கட்கிழமை எட்டரை மணி. வெறும் வயிறு. பழைய ரிப்போர்ட். கார் நிறுத்தப் பின்பக்கம் இடம் இருக்கு.

கடைசியில், நாள் நல்லாப் போகட்டும் என்றாள். அதையும் சொன்னேன்.