தறப்பாள் மூடிய லொறிகள்

அண்ணை,

மாதுமை ஓல்போர்க்கிலிருந்து தபாலில் அனுப்பிய பொதி நேற்றுக் காலை வந்தது. பிரித்ததும் முதலில் வந்தது மணம்தான். கடலின் மணம் என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும். ஆனால் அது அலுமாரியில் துணிகளுக்கிடையே போடும் பூச்சி உருண்டையின் மணம். உங்கள் குளிர்ச் சட்டைகளுக்கு அடியில் இத்தனை வருடமும் கிடந்திருக்க வேண்டும், உங்கள் சி.டி.சி. புத்தகம். எந்தக் கப்பலில் எப்போது ஏறினார், எங்கே இறங்கினார் என்று ஒவ்வொரு கப்டனும் ஒப்பமிட்டுக் கொடுக்கும் கடலோடியின் புத்தகம். முதல் பக்கத்தில் முப்பது வயது நீங்கள், மீசையோடு, படம் எடுப்பவரைச் சந்தேகமாகப் பார்த்தபடி.

அட்டையில் உங்கள் மகள் ஒரு மஞ்சள் கடதாசித் துண்டு ஒட்டியிருந்தாள். "மாமா, இதை உங்களிட்டைக் குடுக்கச் சொல்லி அப்பா கடைசியா ஆஸ்பத்திரியிலை வச்சுச் சொன்னவர். ஏனெண்டு சொல்லேல்லை. எனக்கும் இப்பதான் கையிலை அம்பிட்டுது."

ஏனென்று எனக்குத் தெரியும். நான் உங்களிடம் ஆதாரம் கேட்டிருந்தேன். அதற்கு இருபது வருடத்துக்கு மேலாகிறது.

புத்தகம் வந்த நேரமும் ஒரு நேரம். கிரின்ஸ்டெட்டில் இருந்த காலத்தில் நாங்கள் நடத்திய மாத இதழில் வந்த என் கட்டுரைகளைத் தொகுத்து இங்கே ஒடென்சேயில் சிலர் நூலாக்குகிறார்கள். புரூஃப் தாள்கள் என் மேசையில் இருக்கின்றன. வெள்ளிக்கிழமைக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். போக்லாந்துப் போரைப் பற்றிய கட்டுரையை விட்டுவிடலாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். பொறுப்பாக நிற்கும் பெண் கேட்கவில்லை. "டென்மார்க்குக்கு வடக்கை இருக்கிற பெரிய பனித்தீவு ஆருடையது எண்டு இப்ப டிவியிலை ஒவ்வொரு நாளும் கதை. யூனிபோர்மோடை ஒராள் வரைபடத்துக்கு முன்னாலை வந்து நிக்கிறார். இந்த நேரம் போடாமல் வேறை எந்த நேரம் போடுறது, அங்கிள்?" என்றாள். அவளிடம் நான் உண்மைக் காரணத்தைச் சொல்லவில்லை. அந்தக் கட்டுரையின் கடைசி வரி பிழை என்று நீங்கள் எனக்குச் சொல்லியிருந்தீர்கள்.

எண்பத்திரண்டில் அந்தப் போர் நடந்தபோது நான் யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையின் வெளிநாட்டுச் செய்தி மேசையில் இருந்தேன். வெளிநாட்டு வானொலியைக் கேட்டுக் குறிப்பெடுத்து மறுநாள் பத்திரிகைக்கு எழுதுவது என் வேலை. போக்லாந்து என்று வென்ற பக்கமும் மல்வினாஸ் என்று தோற்ற அர்ஜென்டினாவும் சொன்ன அந்தத் தீவுகளை நான் கண்டது சுவரில் தொங்கிய வரைபடத்தில்தான், ஒரு எறும்பு அளவில். ஆனாலும் அந்தப் போர் என்னுடையது என்று ஒரு நினைப்பு எனக்கு இருந்தது. இருபது வருடம் கழித்து, டென்மார்க்கில் தொழிற்சாலை வேலைக்கு நடுவே, வென்ற தளபதியும் தோற்ற தளபதியும் பிறகு சொன்னவற்றையெல்லாம் தேடிப் படித்துவிட்டு அந்தக் கட்டுரையை எழுதினேன். எங்கள் ஊரில் சண்டை ஓய்ந்திருந்த காலம் அது. எந்த நாட்டுப் போரைப் பற்றி எழுதினாலும் எங்கள் ஆட்கள் அதில் எங்கள் போரைத்தான் வாசித்தார்கள். தெரிந்துதான் எழுதினேன்.

சரணடையும் மாலையைப் பற்றிய கட்டுரை. தோற்றவர் மடிப்புக் குலையாத சீருடையில் வருகிறார். வென்றவரின் உடுப்பில் வாரக்கணக்கான சேறு. மேசையில் இருந்த பத்திரத்தில் 'நிபந்தனையற்ற' என்றொரு சொல். தோற்றவர் பேனாவை எடுத்து அதை அடித்துவிடுகிறார். வென்றவர் தடுக்கவில்லை. சண்டை நிற்பதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. நான் கட்டுரையை இப்படி முடித்திருந்தேன்: "அந்த ஒரு சொல்லை அடித்ததால் ஆயிரக்கணக்கான படையினர் மானத்தோடு வீடு திரும்பினார்கள்." அந்த வரியில் எனக்குப் பெருமை இருந்தது. பாராட்டி இரண்டு கடிதங்களும் வந்தன.

அது வெளிவந்த கிழமை, ஒரு திங்கட்கிழமை காலை. வழமைபோல நீங்கள் என் வீட்டு வாசலில் காரை நிறுத்தி, ஒரு பழைய கசற் பெட்டியால் முன்கண்ணாடியின் பனியைச் சுரண்டிக்கொண்டு நின்றீர்கள். எங்கள் தொழிற்சாலை பக்கத்து ஊரில். அந்த நேரத்தில் பஸ் இல்லை. ஆறு வருடமாக உங்கள் காரில்தான் போய்வந்தேன்.

"ஏறும் நிருபர். உம்முடைய ஜெனரல்மாரை வாசிச்சன்."

"எப்பிடி அண்ணை?"

"நல்லாத்தான் கிடக்கு. ஆர் உடுப்பை அயர்ன் பண்ணிப் போட்டவர், ஆர் சேத்தோடை வந்தவர் எண்டெல்லாம் வடிவா எழுதியிருக்கிறீர். தையல்காரன் எழுதினமாதிரி. கடைசி வரிதான் பிழை."

"என்ன பிழை?"

"அந்தப் பெடியள் மானத்தோடை வீட்டை போகேல்லை. தறப்பாளாலை இழுத்து மூடி, லொறியிலை ஏத்திக்கொண்டு போனவங்கள். நான் பாத்தனான்."

நீங்கள் கப்பலில் ஓடியவர் என்று எனக்குத் தெரியும். உங்கள் கப்பல் கதைகள் எல்லோருக்கும் தெரியும். பிறந்தநாள் வீடுகளில் உங்களைச் சுற்றி ஒரு கூட்டம் நிற்கும். ஒரு வீட்டில் பத்தடியாக இருந்த சுறா அடுத்த வீட்டில் பதினைந்து அடியாகும். ஆனால் நீங்கள் அர்ஜென்டினாவுக்குப் போனீர்கள் என்பதை அன்றைக்குத்தான் முதல் தடவை கேட்டேன்.

"இதை ஏன் அண்ணை இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"நீர் கேக்கேல்லையே. போக்லாந்து போக்லாந்து எண்டு நீர்தானே கதைச்சுக்கொண்டு வருவீர்."

பிறகு, வீதியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்லத் தொடங்கினீர்கள். நாட்டின் தெற்கே ஒரு துறைமுகம். அங்கே உள்ள அலுமினிய ஆலைக்கு மூலப்பொருள் இறக்க உங்கள் கப்பல் போயிருந்தது. உங்களுக்குப் பல்வலி.

"கன்னம் இவ்வளவு வீங்கிப் போச்சு. பல்லைப் பிடுங்கிக்கொண்டு துறைமுக ஜெட்டிக்கு வாறன், எங்கடை கப்பலைக் காணேல்லை. வெளியிலை தள்ளிக் கொண்டுபோய் நிப்பாட்டிட்டாங்கள். அந்த இடத்துக்குப் பெரிய வெள்ளைக் கப்பல் ஒண்டு வந்து நிக்குது. வெண்டவங்கள் பிடிச்ச ஆக்களைக் கொண்டுவந்து விடுறாங்கள். எல்லாம் சின்னப் பெடியள். இறங்கினவங்களை அவங்கடை ஒபிசர்மாரே கெதி கெதியெண்டு லொறியிலை ஏத்தித் தறப்பாளைக் கட்டுறாங்கள். சனம் பாக்கக்கூடாதாம். சனம் கேக்குமே? வீட்டிலை கிடந்த பாணெல்லாத்தையும் பெடியளுக்குக் குடுக்கத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்திட்டுதுகள். ஊர்ப் பேக்கரியளிலை பாண் முடிஞ்சு போச்சு."

நீங்கள் கியரை மாற்றிக்கொண்டு தொடர்ந்தீர்கள்.

"ஒரு லொறி எனக்கு நேரை வந்து நிண்டுது. தறப்பாளுக்குள்ளாலை ஒரு கை வருது. பாண் கேக்கிறான் எண்டு நினைச்சன். எனக்கிட்டை எங்கை பாண், வாயுக்குள்ளை பஞ்சுதான் கிடக்கு. பாத்தால், கைக்குள்ளை ஒரு கடதாசித் துண்டு. ரெலிபோன் நம்பர். 'மமா, மமா' எண்டுறான். அதை விளங்க ஸ்பானிஷ் படிக்கத் தேவையில்லைத்தானே. துண்டை வாங்கிக்கொண்டு ரெலிபோன் கந்தோருக்கு ஓடினன். கவுண்டரிலை இருந்த மனிசியிட்டைக் குடுத்தன். அவ நம்பரை அடிச்சா. அங்காலை எடுத்தினம். அவ ரெண்டு சொல்லுச் சொல்லிப்போட்டு, றிசீவரை எனக்கிட்டை நீட்டினா..."

"அண்ணை," என்றேன் நான், "அந்தத் துண்டு இப்ப இருக்கோ?"

ஒரு வளைவு வந்தது. அதை எடுத்து முடித்த பிறகுதான் பதில் சொன்னீர்கள்.

"கூப்பிட்டாச்செண்டால் பிறகு துண்டு என்னத்துக்கு?"

"இல்லை, வேறை ஏதாவது ஆதாரம். ஒரு படம், ஊர்ப் பேப்பர்..."

"நான் பல்லுப் பிடுங்கப் போனனான். படம் பிடிக்கப் போகேல்லை."

நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. தொழிற்சாலைத் தரிப்பிடத்தில் காரை நிறுத்தியபின், "அடுத்த இதழிலை ரெண்டு வரி போடும். அது காணும்" என்றீர்கள். ஒருவர் வாயால் சொன்னதை மட்டும் வைத்துத் திருத்தம் போட முடியாது என்று நான் என் தொழிலின் விதியைச் சொன்னேன். அதற்கு நீங்கள் கோபிக்கவில்லை. "ஓம், ஓம். அது உம்முடைய தொழில்" என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னே நடந்தீர்கள்.

திருத்தம் வரவில்லை, அந்த மாதமும் அடுத்த மாதமும். அதன் பிறகும், நான் ஒடென்சேக்கு வீடு மாறும் வரை நாலு வருடம், ஒவ்வொரு காலையும் நீங்கள் என் வாசலுக்கு வந்தீர்கள். வருமான வரியைப் பற்றிக் கதைத்தோம், மாதுமையின் படிப்பைப் பற்றிக் கதைத்தோம், தொழிற்சாலைப் போர்மனின் குணங்களைப் பற்றிக் கதைத்தோம். கப்பலைப் பற்றி மட்டும் ஒரு கதையும் இல்லை. பிறந்தநாள் வீடுகளிலும் நான் நிற்கும் இடத்தில் சுறா வரவில்லை. அதைக் கவனிக்கவே எனக்கு ஒரு வருடம் எடுத்தது. கவனித்த பிறகும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

நேற்றுப் பின்னேரம் உங்கள் புத்தகத்தை விளக்கடியில் வைத்துப் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். அந்த வருடத்துக்குரிய பதிவு இருக்கிறது. மாசியில் றொட்டர்டாமில் ஏறியிருக்கிறீர்கள். ஐப்பசியில் அங்கேயே இறங்கியிருக்கிறீர்கள். கப்பலின் பெயர், கப்டனின் ஒப்பம், நன்னடத்தை என்றொரு முத்திரை. இடையில் எந்தெந்தத் துறைமுகம் என்று இந்தப் புத்தகத்தில் எழுதுவதில்லை. அர்ஜென்டினா என்ற சொல் எங்கும் கிடையாது. ஆகவே இது ஆதாரம் ஆகாது. அது உங்களுக்கும் தெரிந்திருக்கும். கேட்டவனுக்கு உங்களிடம் இருந்ததைக் கொடுத்திருக்கிறீர்கள்.

புத்தகத்தை மூடிவிட்டுப் புரூஃபின் கடைசி வரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடிக்கப்பட்ட சொல்லுக்கு ஆதாரம் உண்டு. அந்தப் பத்திரத்தின் பிரதியை நானே பார்த்திருக்கிறேன். மானத்தோடு வீடு திரும்பினார்கள் என்பதற்கு என்னிடம் என்ன இருந்தது? ஒன்றுமில்லை. இரண்டு தளபதிகளும் தங்கள் கதையை அந்த மேசையோடு முடித்திருந்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் பெடியளை வீட்டுக்கு அனுப்பியது நான்தான், கிரின்ஸ்டெட்டில் ஒரு குசினி மேசையில் இருந்துகொண்டு. தளபதிகளிடம் நான் துண்டு கேட்கவில்லை. அந்தத் தெருவில் நின்ற ஒருவரிடம் கேட்டேன்.

வரியை அழிக்கவில்லை. அழித்தால் நான் எழுதவே இல்லை என்றாகிவிடும். அதற்குக் கீழே எழுதினேன்: "இக்கட்டுரையின் கடைசி வரி பிழை. அந்தப் படையினரைத் தறப்பாள் மூடிய லொறிகளில் ஏற்றி மறைத்துக் கொண்டு போனதை அவர்கள் வந்திறங்கிய துறைமுகத்தில் நின்ற தமிழ்க் கடலோடி ஒருவர் நேரில் கண்டார். கட்டுரை வெளிவந்த கிழமையே அவர் அதை என்னிடம் சொன்னார். நான் ஏற்கவில்லை."

எழுதி முடித்த பிறகுதான் இணையத்தில் தேடினேன். வரிசையை மாற்றிச் சொல்லக் கூடாது. பத்து நிமிடம் எடுத்தது. அந்த ஊரவர்கள் பாண் முடிந்துபோன அந்த நாளைப் பற்றி இன்னும் கதைக்கிறார்கள். லொறிகளைப் பற்றியும் சொல்கிறார்கள்.

இன்று காலை, மாதுமை வேலைக்குப் போகும் முன் அவளைத் தொலைபேசியில் பிடித்து முழுக் கதையையும் சொன்னேன். அவளுக்கு இதில் ஒரு சொல்லும் தெரியாது. நீங்கள் வீட்டிலும் சொல்லவில்லை. திருத்தத்தை வாசித்துக் காட்டினேன். அப்பாவின் பெயரைப் போடவா என்று கேட்டேன். வேண்டாம், அவருக்கு அது பிடிக்காது என்று டெனிஸில் சொன்னாள். அவளுடைய சமையலறையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, அதை நிறுத்தினாள்.

"மாமா, ரெலிபோனிலை ஆர் எடுத்தது? அந்தப் பெடியின்ர அம்மாவோ?"

"தெரியாது பிள்ளை."

"அப்பா அவவோடை என்ன பாஷையிலை கதைச்சவர்?"

"தெரியாது."

"நீங்கள் கேக்கேல்லையோ?"

குற்றம் சாட்டும் குரல் இல்லை அது. தாதி வேலை செய்பவள். நோயாளியிடம் கேட்பதுபோல அமைதியாகத்தான் கேட்டாள். இல்லை, துண்டு இருக்கிறதா என்றுதான் கேட்டேன் என்றேன்.

நாற்பது வருடமாக ஆட்களிடம் கேள்வி கேட்டு எழுதியவன் நான். இந்தக் கேள்விக்குப் பதில் தரக்கூடிய ஒருவர் ஆறும் நாலும் பத்து வருடம் என் பக்கத்து இருக்கையில் இருந்து கார் ஓட்டினார். இப்போது தேடுவதற்கு இடமில்லை. இணையத்தில் இருக்காது, எந்தத் தளபதியின் நினைவுக் குறிப்பிலும் இருக்காது. என்னிடம் இருப்பது நீங்கள் சொன்ன இடம்வரைதான். வாய்க்குள் பஞ்சோடு, வீங்கிய கன்னத்தோடு, அந்தக் கவுண்டரில் நிற்கிறீர்கள். றிசீவர் உங்கள் பக்கம் நீட்டப்பட்டிருக்கிறது. மகன் உயிரோடு இருக்கிறானா என்று தெரியாத ஒரு வீடு மறுமுனையில் காத்திருக்கிறது. நீங்கள் கையை நீட்டி அதை வாங்கப் போகிறீர்கள், அண்ணை. அங்கேதான் நான் குறுக்கே பேசினேன்.