ஆச்சி கூப்பிட்டு எழுதினால்

சிவமயம்

பினாங்கு,
3 மார்ச் 1935

அன்புள்ள பொன்னம்மை ஆச்சிக்கு, தங்கச்சி விசாலம் கும்பிட்டு எழுதுவது. தண்ணீர்மலை முருகன் புண்ணியத்தில் மூத்தவனும் பெண்கள் மூவரும் சௌக்கியம். எனக்கு ஆறாம் மாதம். இந்த ஊருக்கு வந்த ஏழு வருஷத்தில் இது ஐந்தாவது. சிரிக்காதே.

போன பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் கிடந்தது உனக்குத் தெரியும். இனி ஒன்று உண்டானால் உயிருக்கே ஆபத்து என்கிறாள் லேடி டாக்டர். மருத்துவச்சி ஹாஜராதான் இந்த ஊர் 'லா' போட்டுத் தமிழில் சொன்னாள்: "உண்டாகாம இருக்க வழி இருக்காம்மா. ஆனா வீட்டுக்காரவுக வந்து சரின்னு சொல்லணுமாம் லா." உன் கொழுந்தனாரிடம் கேட்டேன். "புள்ள வேணாம்னு சொல்ல ஆஸ்பத்திரிக்குப் போறதா? வெளியில சொல்லிராதே" என்று எழுந்து போய்விட்டார்கள்.

எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான், பிரிந்திருப்பது. நம் ஆண்கள் கப்பலேறினால் மூன்று வருஷம் கழித்துத்தான் வருவார்கள். ஆத்தாளுக்கு நாம் இருவரோடு நின்றது அதனால்தான். நான்தான் புருஷனோடு கப்பலேறிய அதிசயப் பிறவி. இப்போது ஆத்தாளும் இல்லை. அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்ட நமக்கு அங்கே இருப்பது ஒரே வீடு, அதில் நீதான் பெரியவள். பிரசவம் ஆனதும் என்னைக் கூப்பிட்டுக்கொள். ஒரு வருஷம் போதும்.

உன் விசாலம்

*

காரைக்குடி,
21 மார்ச் 1935

விசாலத்துக்குப் பொன்னம்மையின் ஆசீர்வாதம்.

அடி பைத்தியமே, பிள்ளை வேண்டாம் என்று எழுத உனக்கு என்னை விட்டால் ஆள் கிடைக்கவில்லையா? உன் அயித்தான் பர்மாவிலிருந்து மூன்று வருஷத்துக்கு ஒரு தரம் வந்து ஆறு மாதம் இருக்கிறார்கள். நானும் அரச மரத்தைச் சுற்றுகிறேன். பதினாலு வருஷமாக ஒன்றும் தங்கவில்லை. கொடுக்கிற தெய்வம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுக்கும் என்பார்கள். உன் கூரையைத்தான் பிய்க்கிறது.

லேடி டாக்டர் பேச்சை விடு. பால் கொடுக்கிற வரை அடுத்தது தங்காது. இரண்டு வருஷம் கொடு.

இன்னொன்று. இது ஆணாக இருந்தால் எனக்குக் கொடு. சுவீகாரமாகப் பிள்ளை கூட்டிக்கொள்ள அயித்தானுக்கும் சம்மதம். இல்லாவிட்டால் பங்காளி வீட்டுப் பையனைக் கூட்டிவிடுவார்கள். அவனைப் பெற்றவள் சாவியை வாங்கிக்கொள்வாள், நான் என் வீட்டிலேயே விருந்தாளி. உன்னைக் கூப்பிடுவதை அப்புறம் பார்ப்போம்.

பொன்னம்மை

*

பினாங்கு,
20 ஜூன் 1935

ஆச்சி,

பெண். உனக்கு ஏமாற்றம்தான். ஒன்பது நாள் ரத்தம் போயிற்று. படுத்தபடியே எழுதுகிறேன்.

பால் கொடுத்தால் தங்காது என்கிறாய். மூன்றாமவள் மடியில் குடித்துக்கொண்டிருந்தபோதுதான் நாலாமவள் வயிற்றில் புரண்டாள். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில் நூர்ஜானும் அப்படித்தான் நம்பியிருந்தாளாம், அவளுக்கு எட்டு. டாக்டரிடம் வழி இருக்கிறதாமே என்றேன். "நீ மொதல்ல கேட்டுச் சொல்லு, எனக்கு வாய் வராது" என்று போர்வைக்குள் முகத்தை மூடிக்கொண்டாள்.

டாக்டர் கூப்பிட்டனுப்பியும் உன் கொழுந்தனார் போகவில்லை. ஆனால் நான் கிடந்த கிடையைப் பார்த்துக் கொஞ்சம் இறங்கி வந்தார்கள். "அண்ணமிண்டி, உன் ஆச்சி, கூப்பிட்டு எழுதட்டும், அனுப்புறேன். நானா அனுப்புனா பொண்டாட்டிய வச்சுக்கத் தெரியலேன்னு பேசுவாக" என்றார்கள். தீட்டு என்று வீட்டில் நாற்பது நாள் எனக்குத் தனி அறை. அதற்குள் உன் கடிதம் வரவேண்டும். நாலு வரி போதும், ஆச்சி. எனக்குச் சாகப் பயமாயிருக்கிறது.

விசாலம்

*

காரைக்குடி,
5 ஜூலை 1935

விசாலம், கோபிக்காதே.

கொழுந்தனாருக்கு எழுதிவிட்டேன். நீ அங்கேயே இருப்பதுதான் நல்லது என்று எழுதினேன்.

சித்திரைக்குள் பிள்ளை கூட்டியாக வேண்டும் என்கிறார்கள் அயித்தான். நீ உண்டாகியிருக்கிறாய் என்று தெரிந்தால் காத்திருப்பார்கள். அடுத்தது ஆண் என்று ஜோசியர் அடித்துச் சொல்கிறார். ஒரே ஒரு தரம். அதற்கப்புறம் பத்து வருஷமானாலும் என்னோடு வந்து இரு, யார் கேட்டாலும் விடமாட்டேன். கப்பலில் வருகிறவர்களிடம் பிரசவ லேகியம் கொடுத்தனுப்புகிறேன், வேளை தவறாமல் சாப்பிடு.

நான் கெட்டவள் இல்லையடி.

பொன்னம்மை

*

பினாங்கு,
18 ஜனவரி 1936

ஆச்சிக்கு,

நாலாம் மாதம். அயித்தானிடம் சொல்லிவிடு, காத்திருக்கட்டும். லேடி டாக்டர் என்னைத் திட்டவில்லை. ஹாஜராவிடம் ஏதோ சொல்லிவிட்டு அடுத்தவளைக் கூப்பிட்டாள். ஹாஜரா அதைத் தமிழில் சொல்லவில்லை.

ஆணாக இருந்தால் உனக்குத்தான். உன் கொழுந்தனாரும் சம்மதித்துவிட்டார்கள். பால் கொடுக்க ஒருத்தியைப் பார்த்து வைப்பதாக ஹாஜரா சொல்லியிருக்கிறாள்.

எனக்கு ஏதாவது ஆனால், பெண்கள் நால்வரையும் மட்டும் கூப்பிட்டுக்கொள்ளாதே. அவர்கள் இங்கேயே கன்னியாஸ்திரீகள் பள்ளிக்கூடத்தில் படிக்கட்டும். உன் கொழுந்தனாரிடம் கையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறேன். நீ அன்பாகத்தான் வளர்ப்பாய், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கட்டிக்கொடுத்த பிறகு ஒரு நாள், அவர்களில் ஒருத்தி, என்னைக் கூப்பிட்டுக்கொள் என்று, உனக்குத்தான் இப்படி ஒரு கடிதம் எழுதுவாள்.

விசாலம்