உன் முகத்தை வெளுத்தவன் எழுதுகிறேன்

உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு பேனர் அடிக்க வேண்டும் என்று நேற்று காலை உன் தம்பி ஒரு படம் அனுப்பியிருந்தான். திறந்தேன். அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மயில்பச்சைப் பட்டில் சிரிக்கும் அந்தக் கோதுமை நிறப் பெண் நீ இல்லை. நான் செய்தது.

"வேற படம் இல்லையாடா?" என்று போனில் கேட்டேன்.

"கடை விளம்பரத்துல வந்த இதான்ணா அக்கா நல்லாகீற படம். அம்மாவும் சரின்னுட்டாங்க."

மூன்று நாள் காய்ச்சலில் நீ போனதையே என்னால் இன்னும் நம்ப முடியவில்லை. அதற்கு மேல் இது.

பட்டுக்கடையில் புடவை விரித்துக் காட்டும் வேலை உனக்கு. அந்தக் கடைக்குப் பையும் விளம்பரமும் வடிவமைக்கும் வேலை எனக்கு. ஒரு தீபாவளிக்கு மாடல் வராமல் போக, முதலாளி உன்னையே அந்த மயில்பச்சைப் பட்டைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொன்னார். உன் நிறத்தில் அந்தப் பச்சை எப்படி எழுந்து நின்றது! படமெடுத்துக்கொண்டிருந்த நானே கேமராவை இறக்கிவிட்டுப் பார்த்தேன். முதலாளியோ கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, "புடவை ஓகே. மூஞ்சிய மட்டும் கொஞ்சம் கலராக்கிடுபா" என்றார். பத்து நிமிட வேலை. மறுக்காமல் உன் முகத்தை வெளுத்துக் கொடுத்தேன்.

கடை வாசலில் அந்த விளம்பரம் ஏறிய அன்று நீ வெகுநேரம் அண்ணாந்து பார்த்தாய். "இவ யாருபா? என் கம்மலப் போட்டுக்கினு நிக்கிறா" என்றாய். நான் சிரித்து மழுப்பினேன். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் உன் போனை என் முன்னால் நீட்டினாய். அமெரிக்காவில் ஒரு கறுப்பினப் பெண் வடிவமைத்த துணி விளம்பரங்கள். பளீர் மஞ்சளுக்கு முன்னால், சுருள்முடியை விரித்துவிட்டு, மினுமினுக்கும் கறுப்பில் நின்றார்கள் அந்தப் பெண்கள்.

"நல்லாப் பாரு. அந்தப் பொண்ணும் உன்ன மாதிரி கம்ப்யூட்டர்லதான் செய்யுது. அதுவும் துணி விக்கத்தான் செய்யுது. ஆனா யாரையும் அழிக்கல."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

நேற்று பழைய ஹார்ட் டிஸ்கைத் துழாவி, நான் கை வைக்காத படத்தைக் கண்டுபிடித்தேன். அதையே பேனராக அடித்து, பிள்ளையார்பாளையத்தில் உன் வீட்டுக்கு நானே எடுத்துப்போனேன். விரித்ததும் உன் தம்பி முகம் சுளித்தான். "இன்னாண்ணா, இவ்ளோ கறுப்பா..."

உன் அம்மா அவனை விலக்கிக்கொண்டு வந்தார். தரையில் உட்கார்ந்து உன் கன்னத்தைத் தடவினார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இவ்ளோ அழகா ஒரு படம் வச்சிக்கினு, எம்பொண்ணு உசுரோட இருக்கச் சொல்லோ ஏம்பா யாருக்கும் காட்டல?"

பேனரை அவர் மடியிலேயே விட்டுவிட்டு வெளியே வந்தேன்.

இன்று காலை முதலாளி புதிய மாடலின் படங்களை அனுப்பி, வழக்கம்போலச் சொன்னார். "மூஞ்சில கை வைக்க மாட்டேங்க" என்றேன். போனை வைத்துவிட்டார். வேறு ஆளைத் தேடிக்கொள்வார் போலிருக்கிறது. தேடட்டும். உன் அம்மாவுக்குச் சொல்லத்தான் எனக்கு இன்னும் ஒரு பதில் கிடைக்கவில்லை.