நாற்பத்தேழு குரோமோசோம் கொண்டவனுக்கு

யான் என்னும் ஊரின் கடற்கரைச் சாலையில் ஒரு பலகாரக் கடை. சென்ற ஞாயிற்றுக்கிழமை அங்கே வாங்கிய பீசாங் கோரெங் என்னும் வாழைப்பழப் பஜ்ஜியைக் கடித்தபோது பல்லில் நறுக்கென்று ஏதோ அகப்பட்டது. எடுத்துப் பார்த்தேன். மிளகளவில் ஒரு கறுப்பு விதை. எண்ணெய்ச் சட்டிக்குப் பின்னால் நின்ற மலாய்ப் பெண்மணி, தம் பிழைபோல வருந்தி, இந்த வகை வாழையில் எப்போதாவது விதை வந்துவிடும் என்றார். நான் சிரித்தேன். அவருக்குக் காரணம் தெரியாது, உனக்குத் தெரியும். வாழைப்பழத்தில் விதை கண்டால் உடனே உனக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பது நமக்குள் இருந்த ஏற்பாடு. சொல்லிவிட்டேன்.

நீ போய் ஓராண்டு நிறையப்போகிறது. உன் வீட்டார்மீது எனக்குள்ள கோபத்தை எழுதி வைக்கவே உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் உன் நீண்ட கால்கள்தாம் நினைவுக்கு வருகின்றன. பீடோங்கிற்கு அப்பால் இருந்த நம் ரப்பர் தோட்டத்தில் உன்னளவு உயரம் எவனுக்கும் இல்லை. இடுப்புக்கு மேலே சாதாரண ஆள், கீழே ஏணி. கால்பந்தில் நீ கோல் காக்க நின்றால் எதிரணி ஆட்டம் தொடங்குமுன்பே முறையிடும்: "இவன் ரெண்டு ஆளுக்குச் சமம்லா, ஒருத்தன வெளிய எடுங்க!" எங்களுக்கெல்லாம் மீசை வந்த பிறகும் உனக்கு அரும்பவில்லை. கேலி செய்தவர்களிடம், "வந்துக்கிட்டேதான் இருக்கு. சுங்கை பட்டாணியில பஸ் ஏறிட்டதா கேள்வி" என்பாய். நான் பினாங்கிற்கு உயிரியல் படிக்கப் போனேன், பிறகு வாத்தியாரானேன். நீ எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளை ஏற்றும் லாரிக்கு ஓட்டுநராகப் போனாய். விடுமுறைகளில் உன் லாரியின் முன்னிருக்கையில் அமர்ந்துதான் நான் ஊரைப் பார்த்தேன். ரப்பர் மரங்கள் சாய்ந்து செம்பனை எழுந்ததையும், செம்பனை போய் வீடமைப்பு வந்ததையும் அந்தக் கண்ணாடி வழியாகவே கண்டேன். நீ எப்போதும் ஜன்னலோரம் ஒரு சீப்பு வாழைப்பழம் தொங்கவிட்டிருப்பாய்.

கமலாவை நீ மணந்தாய். பிள்ளை பிறக்கவில்லை என்றானதும் உன் குடும்பம் விசாரணையே இல்லாமல் அவளைக் குற்றவாளியாக்கியது. மருந்து அவளுக்கு, விரதம் அவளுக்கு, மந்திரித்த கயிறு அவளுக்கு. மாரியம்மன் கோயில் தரையில் இலையில்லாமல் சோற்றைக் கொட்டினார்கள். கைகளைப் பின்னால் கட்டி, மண்டியிட்டு, வாயால் எடுத்து அவள் அந்த மண்சோற்றை உண்டாள். உன் அண்ணி பக்கத்தில் நின்று, "ஒரு பருக்க மிச்சம் வைக்காத" என்று மேற்பார்வை செய்தார். அந்தச் சோற்றை உன் வாயருகே கொண்டுவர வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. இதைப் பக்தி என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

கணவனையும் சோதிக்காமல் இனி ஒரு மாத்திரையும் எழுதித் தரமாட்டேன் என்று அலோர்ஸ்டாரில் ஒரு பெண் மருத்துவர் சொன்னார். உன் அண்ணன் கேட்டார்: "ஆம்பளைக்கு எதுக்குடா டெஸ்ட்டு? காள மாடாட்டம் நிக்கிற!" நீ அவரிடம் வாதாடவில்லை. லாரியை மருத்துவமனைக்கு ஓட்டிப்போய் இரத்தம் கொடுத்துவிட்டு வந்தாய்.

பரிசோதனை முடிவு வந்த மாலையில் என் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தோம். நான் தீக்குச்சிகளை இணையிணையாக அடுக்கினேன். மனித உயிரணுவில் குரோமோசோம்கள் நாற்பத்தாறு. இருபத்து மூன்று இணைகள். தாயிடம் கருமுட்டையோ தந்தையிடம் விந்தணுவோ உருவாகும்போது ஒவ்வோர் இணையும் பிரிய வேண்டும். உன் விஷயத்தில் ஓர் இணை பிரிய மறந்துவிட்டது. அதனால் ஆணுக்கு ஒன்றே போதுமான எக்ஸ் குரோமோசோம், உன்னிடம் இரண்டாக இருக்கிறது. உன் கால்கள் நீண்டதும், மீசை வராததும், விந்தில் விந்தணு இல்லாததும் அதனால்தான் என்று சொல்லி, வரிசையின் ஓரத்தில் ஒரு குச்சியைக் கூடுதலாக வைத்தேன்.

"நாப்பத்தேழா?" என்றாய். "ஒண்ணு கூடவா இருக்கு? குறைச்சலா இருக்கும்னுல்ல பயந்துக்கிட்டு வந்தேன்!"

நான் சிரிக்கவில்லை. நீ அந்தக் கூடுதல் குச்சியை எடுத்து விரலில் உருட்டினாய். பிறகு கேட்டாய்:

"அப்ப கமலா மேல ஒரு பழுதும் இல்ல?"

"இல்லடா."

"எங்கம்மா மேல?"

"யார் மேலயும் இல்ல. அது பாட்டுக்கு நடக்கிற பிசகு. பாவமும் இல்ல, சாபமும் இல்ல."

குச்சிகளைத் திரட்டிப் பெட்டியில் போட்டாய். "அவள மண்ணுல சாப்பிட வச்சிட்டாங்களேடா" என்று மட்டும் சொன்னாய். உன் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதில்லை.

உன் அண்ணன் மகளின் வளைகாப்பு வந்தது. முற்றத்துக் கூடாரத்தில் ஆண்களுக்குப் பந்தி, கூடத்தில் பெண்கள். விடியலிலிருந்து சித்திரான்னங்களைச் சமைத்தவள் கமலா. வளையல் தட்டு வந்ததும் உன் அண்ணி அவளை மறித்து, "நீ அடுப்படியிலயே இரும்மா. நல்ல காரியம் நடக்குது" என்றார். அதே நேரத்தில் கூடாரத்தில் உன் அண்ணன், கூலிமில் ஒரு பெண் இருப்பதாகவும், இவளை ஒதுக்கிவிட்டு அவளைக் கட்டிக்கொள்ளும்படியும் உன் இலைக்கு நேரே சொல்லிக்கொண்டிருந்தார். நீ எழுந்தாய். கையைக்கூடக் கழுவாமல் வாசற்படியில் போய், இரு பக்கமும் கேட்கும்படி நின்றாய்.

"எல்லாரும் கேளுங்க. பழுது எங்கிட்டத்தான். டெஸ்ட்டு பண்ணியாச்சு. கமலாவுக்கு ஒண்ணும் இல்ல."

"உக்காருடா, போதையில உளறாத" என்றார் ஒரு மாமா.

"சாம்பார்ல என்ன போத மாமா? வாத்தியார் இருக்காரு, வேணும்னா கேளுங்க. எனக்குப் பிறவியிலேயே அப்படி. கூலிம் பொண்ண கட்டினாலும் கோலாலம்பூர் பொண்ண கட்டினாலும் அதேதான்."

நாற்காலியில் சந்தனம் பூசி அமர்ந்திருந்த பெண்தான் முதலில் கையை நீட்டினாள். "சித்தி, நீங்க வாங்க. கை வலிக்குது, சீக்கிரம் போடுங்க" என்றாள். கமலா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். வளையல்களை ஒவ்வொன்றாக அந்தக் கையில் ஏற்றினாள்.

சடங்கின் முடிவில் ஒரு பெரியவர் வாழையடி வாழையாகக் குலம் தழைக்க வேண்டுமென்று வாழ்த்தினார். திரும்பும் வழியில் நான் உனக்கு ஒன்று சொன்னேன். நாம் உண்ணும் வாழையில் பெரும்பாலானவற்றுக்குக் குரோமோசோம் தொகுதி இரண்டுக்குப் பதில் மூன்று. மூன்றைச் சரிபாதியாகப் பிரிக்க முடியாததால் அதற்கு விதை பிடிப்பதில்லை. கன்று விட்டுத்தான் பெருகுகிறது. நீ லாரியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுச் சிரித்தாய். "நம்ம ஆளுங்க கல்யாணப் பந்தல்ல கட்டி வச்சிருக்கறது என் சாதிக்காரனையா!" என்றாய். உன்னருகே கமலாவும் சிரித்தாள். வாழைப்பழத்தில் விதை கண்டால் உனக்குச் சொல்ல வேண்டும் என்ற ஏற்பாடு அன்று பிறந்ததுதான். எண்ணிக்கைப் பிசகு மரத்துக்கு நேர்ந்தால் வாசலில் கட்டிக் கும்பிடுகிற கூட்டம், மனிதனுக்கு நேர்ந்தால் அவன் மனைவியை அடுப்படிக்கு அனுப்புகிறது. அன்று உன் சிரிப்பில் நான் இதைச் சொல்லாமல் விட்டேன்.

அதன்பின் நீங்கள் வாழ்ந்த வாழ்க்கை நன்றாகவே இருந்தது. விடுமுறை நாள்களில் கோத்தா கோலா மூடாவுக்குப் போய் மீன் வாங்குவீர்கள். கமலா பேரம் பேசுவாள். நீ பின்னால் நின்று மீன்காரருக்குக் கண்ணடிப்பாய். பிறகு உன் காலில் இரத்தம் உறைந்து, கட்டி நுரையீரலுக்கு ஏறியது. உன் போன்றவர்களுக்கு அந்த ஆபத்து கூடுதல் என்று நான் அறிவேன். சொல்லியும் இருந்தேன். "இவ்ளோ நீளக் கால்ல ரத்தம் ஏறி வரவே ஒருநாள் ஆகும்லா" என்று தட்டிவிட்டாய்.

உன் கருமாதியன்று உன் அண்ணன் பந்தலில் உட்கார்ந்து, வந்தவர்களிடமெல்லாம் ஒரே பாட்டைப் பாடினார்: "பாவம் என் தம்பி. அந்தப் பொண்ணு வந்த நேரம், வாரிசு இல்லாமப் போயிட்டான்." நீ வாசற்படியில் நின்று சொன்ன உண்மையை, நீ இல்லை என்றதும் அவர் திருப்பி எடுத்துக்கொண்டார். நான் எழுந்து, பழுது எவரிடமும் இல்லை என்பதையும், உன் உடலின் கதை என்ன என்பதையும், வகுப்பில் சொல்வதுபோல் ஒலி உயர்த்தாமல் சொன்னேன்.

"செத்தவன கேவலப்படுத்தாதீங்க, வாத்தியாரே" என்றார் உன் அண்ணன்.

கமலா என் அருகே வந்தாள். "விடுங்கண்ணே. அவரு பேரு கெட வேணாம். எனக்குப் பழகிப்போச்சு" என்றாள். உன்னைக் காப்பதற்காக அந்தப் பழியை மீண்டும் தலையில் ஏற்றிக்கொள்ள அவள் ஆயத்தமாக இருந்தாள். நான் கேட்டேன்: "அவன் வெக்கப்பட்டா அன்னிக்குச் சொன்னான், கமலா?"

அவள் உன் படத்தைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு உன் அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"மாமா, அவரு அன்னிக்குச் சபையில சொன்னப்ப நீங்க பாயசம் குடிச்சிக்கிட்டு இருந்தீங்க. வாயிதானே வேலையா இருந்துச்சு? காது சும்மாத்தானே இருந்துச்சு?"

பந்தலில் ஒரு கிழவர் சிரித்தேவிட்டார். உன் அண்ணன் தண்ணீர் கேட்டார். எவரும் எடுத்து வர விரையவில்லை.

அன்றிலிருந்து அந்தப் பேச்சை நான் கேட்கவில்லை. கமலா ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். உன் அண்ணன் மகள், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் முதலில் அவளைத்தான் அழைக்கிறாளாம். உனக்கு இது போதுமாக இருக்கும். எவர்மீதும் வன்மம் வைக்கத் தெரியாதவன் நீ. எனக்கு வைக்கத் தெரியும்.

நேற்றுச் சுங்கை பட்டாணிச் சந்தையில் உன் அண்ணன் எதிரே வந்தார். தளர்ந்திருந்தார். "வாத்தியாரே, சௌக்கியமா?" என்று கையை நீட்டினார். என் இரு கைகளிலும் காய்கறிப் பைகள். ஒன்றைக் கீழே வைத்திருக்கலாம். வைக்கவில்லை.