இருபதுக்கு மேல் போகாதவனுக்கு

பாசக்கார மணி மச்சான்,

பத்து மாதம் கழித்து எழுதுகிறேன். சௌக்கியமா என்று கேட்கப் போவதில்லை. நீ இருந்தபோதும் நாம் அப்படிக் கேட்டுக்கொண்டதில்லை. "சாப்டியா, ஒயர் எடுத்துக்கினு வந்தியா?" அவ்வளவுதான் நம் நலம் விசாரிப்பு. இதைப் படிக்கப்போகிற மற்றவர்களுக்கு நம்மைத் தெரியாது. அதனால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் திரும்பச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

காட்டாங்குளத்தூரில் ஒரே வகுப்பு. என்னிடம் ஒரு லேப்டாப். உன்னிடம் ஒரு பழைய சிந்தசைசர், மின்சாரத்தில் சத்தம் உண்டாக்கும் இசைப்பெட்டி, அதில் திருகுவதற்கு முப்பத்திரண்டு குமிழ்கள். நான் மேடையில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுவேன். எழுத எழுத அது ஓடும். எந்த ஸ்வரம், எப்போது, எத்தனை தடவை என்பதெல்லாம் ஒயர் வழியாக உன் சிந்த்துக்குப் போய்ச் சேரும். அது என்ன குரலில் ஒலிக்கும் என்பது உன் விரல்களின் வேலை. என் திரை அப்படியே சுவரில் பெரிதாகத் தெரியவேண்டும். இப்படி வாசிப்பவர்களுக்குள் அது ஒரு வழக்கம். தப்பாக அடித்தாலும் எல்லாரும் பார்க்கட்டும், ஒளிக்கக் கூடாது.

வரிக்கு முன்னால் இரண்டு சாய்கோடு போட்டால் அந்த வரியைக் கம்ப்யூட்டர் படிக்காது. மனிதர்கள் மட்டும்தான் படிப்பார்கள். நம் சண்டையெல்லாம் அங்கேதான். "// மணி தூங்குறான், யாராவது எழுப்புங்க" என்று அடிப்பேன். கூட்டம் சிரிக்கும். நீ மைக் இல்லாமலே கத்துவாய், "நீ மொதல்ல தாளத்துல டைப் பண்ணு மச்சான்!" பொம்பளைப் பிள்ளையை மச்சான் என்கிறாயே என்று கேட்டவனிடம், "எனக்குத்தான் மச்சான். உனக்கு அக்கா" என்றாய். அவன் கடைசி வருடம் வரை என்னை அக்கா என்றே கூப்பிட்டான்.

உன் சிந்த்துக்கு மெமரி கிடையாது. குமிழ்கள் எங்கே நிற்கின்றனவோ அதுதான் அதன் ஞாபகம். ஒன்று நகர்ந்தாலும் அந்தச் சத்தம் போனதுதான். அதனால் எங்கே எடுத்துப் போனாலும் ஒவ்வொரு குமிழ் மேலும் கறுப்பு டேப் ஒட்டுவாய். வண்டியையும் இருபதுக்கு மேல் ஓட்டமாட்டாய். "டேய், தண்ணி லாரிக்காரன்கூட உன்னத் திட்டிட்டுப் போறான்டா" என்றால், "அவன் தண்ணி சிந்தினா திரும்பப் புடிச்சுக்குவான். எனக்குச் சிந்திச்சுனா அவ்ளோதான்" என்பாய்.

அன்றைக்கு மழை. சாயங்காலம் ஐந்து மணி. என் ஸ்கூட்டியில் கால் வைக்கும் இடத்தில் சிந்த்தை நீதான் பிளாஸ்டிக் கவர் சுற்றி வைத்தாய். சேலையூரில் உன் தெருவுக்கு முந்தைய தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். "நான் முன்னாடி போறேன். நான் போற தடத்துலயே வா. பள்ளம் இருந்தா கை காட்றேன்" என்றாய். நடந்து போகிறவர் உன்னைத் தாண்டிப் போனார், அந்த வேகம். பாதித் தெருவில் இடது கையைத் தூக்கினாய். நான் பிரேக் பிடித்தேன். நீ இல்லை.

மழைநீர்க் கால்வாய்க்காகத் தோண்டிய பள்ளம். ஆள் உயரம். சுற்றித் தடுப்பு இல்லை, பலகை இல்லை, தண்ணீரும் சாலையும் ஒரே மட்டம். பைக் உன் மேலே விழுந்திருந்தது. நாலு பேர் சேர்ந்து தூக்குவதற்குள் முடிந்துவிட்டது. மறுநாள் காலையில் அந்தப் பள்ளத்தைச் சுற்றிச் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள். ரிப்பன் கையிருப்பில் இருந்திருக்கிறது, மச்சான். முந்தின நாள் கட்டத்தான் ஒருவருக்கும் கை வரவில்லை.

உனக்குத் தெரியாதது இனிமேல்தான்.

ஸ்டேஷனில் ஈரத் துணியோடு உட்கார்ந்திருந்தேன். நான் எல்லாவற்றையும் சொன்னேன். இருபது கூட இல்லை என்றேன், கை தூக்கியதைச் சொன்னேன். ஏட்டு தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார். கடைசியில் தாளை என் பக்கம் தள்ளினார்.

"இன்னா பாத்துக்கினு கீற? சைன் போடும்மா. நீ போட்டாத்தான் பாடி வெளிய வரும். அவங்க அம்மா அங்க நின்னுகினு கீறாங்க பாரு."

போட்டேன். படிக்கவில்லை. ஒரு வாரம் கழித்து நகல் வாங்கிப் படித்தபோது, "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து" என்று இருந்தது. கீழே என் கையெழுத்து, நன்றாகப் புரிகிற மாதிரி, இனிஷியலோடு.

உன் அப்பா அதைத்தான் நம்பினார். "சொன்னா கேக்க மாட்டான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். உன் அம்மா, "தினம் சொல்வேம்மா, மெதுவா போடான்னு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். இல்லைம்மா என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம் போதும். சொன்னால், அப்புறம் அந்தத் தாளில் ஏன் என் கையெழுத்து என்று கேட்பார். அதனால் பத்து மாதம் சொல்லவில்லை. நாட்டையே திட்டுகிற வாய் இது, தெரியுமே உனக்கு. இதற்கு மட்டும் திறக்கவில்லை.

போன மாதம் கல்லூரியிலிருந்து கூப்பிட்டார்கள். சாலைப் பாதுகாப்பு விழாவாம். உன் படத்துக்கு மாலை போட்டு, உன் அம்மா விளக்கேற்றி, நான் பத்து நிமிடம் வாசிக்க வேண்டும். ஒப்புக்கொண்டு, சிந்த்தை எடுக்க உன் வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொன்னால், நீ டேப் ஒட்டி வைத்த அந்தக் கடைசிச் சத்தத்தை ஒரு தடவை கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் போனேன்.

அம்மா துணியை விலக்கினார். பளபள என்று இருந்தது. ஒரு துண்டு டேப் இல்லை.

"ஒரே பிசுபிசுன்னு இருந்துச்சும்மா. தேங்காண்ணெய் போட்டுத் தொடச்சேன். திருகு ஒண்ணொண்ணும் ஒரு பக்கம் பாத்துக்கிட்டு நின்னுது. எல்லாத்தையும் ஆஃப்ல வெச்சுட்டேன். கேஸ் அடுப்புன்னா அப்படித்தானே?"

முப்பத்திரண்டும் ஒரே வரிசையாக, இடதுபக்கக் கடைசியில். தேங்காய் எண்ணெய் வாசனை. எனக்குச் சிரிப்பு வந்தது, சத்தியமாக. நீ இருந்தால் தரையில் உருண்டிருப்பாய். "நல்லா வெச்சிருக்கீங்கம்மா" என்றேன். வேறு என்ன சொல்வது?

விழா மேடையில் பேனர். நடுவில் உன் படம். பக்கத்தில் பெரிய எழுத்தில் "வேகம் வேண்டாம்." பள்ளம் தோண்டியவர்களுக்குப் பேனர் வைப்பார்களா? ஒருங்கிணைப்பாளர் சார் வந்தார். "டென் மினிட்ஸ்மா. சோகமா ஏதாச்சும். இந்த ஸ்கிரீன் எதுக்கு, ஆஃப் பண்ணிடலாமே?"

"ஸ்கிரீன் இல்லாம வாசிக்க மாட்டேன் சார்."

நாம் கடைசியாக வாசித்த புரோகிராமைத் திறந்தேன். ஓடவிட்டேன். சிந்த்தில் விளக்கு ஸ்வரத்துக்கு ஸ்வரம் மின்னியது. சத்தம் இல்லை. அம்மா ஆஃபில் வைத்த வால்யூமை நான் தொடவில்லை. ஹாலில் இருமல் கேட்டது. முன்வரிசையில் அம்மா பதறிப்போய், "ஐயோ, நான்தான் அமத்திட்டேன், திருப்பும்மா" என்றார். நான் அடிக்க ஆரம்பித்தேன்.

// மணி இருபதுக்கு மேல் போனதில்லை
// அன்றைக்கு அது கூட இல்லை, நான் பின்னால் வந்தேன்
// பள்ளத்துக்குத் தடுப்பு இல்லை, கை தூக்கி என்னை நிறுத்தினான்
// வேகம் என்று எழுதிய தாளில் படிக்காமல் கையெழுத்துப் போட்டது நான்

அம்மா எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர். அவர் உதடு ஒவ்வொரு வரிக்கும் அசைந்ததைப் பார்த்தேன். சார் ப்ரொஜெக்டர் பக்கம் போய்க்கொண்டிருந்தார். ஆனால் அதை அவர் எட்டுவதற்குள் அம்மா எழுந்துவிட்டார்.

"இருபதா?"

"அது கூட இல்லம்மா."

"அப்ப ஏன்டி போட்ட?"

இதுவரை என்னை அவர் டி போட்டுப் பேசியதில்லை. ஏட்டு அவசரப்படுத்தினார் என்பது காரணம், பதில் ஆகாது. அம்மா பேனரைப் பார்த்தார். அப்புறம், "மெதுவாத்தான் போயிருக்கான்" என்று பக்கத்து நாற்காலியில் இருந்த யாரோ ஒரு அம்மாவிடம் சொன்னார். ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார். சார் ப்ரொஜெக்டரை அணைக்கவில்லை.

வால்யூமைத் திருப்பினேன். வந்த சத்தம் உன்னுடையது இல்லை. கரகரப்பாக, கொஞ்சம் அசிங்கமாக இருந்தது. பத்து நிமிடமும் வாசித்தேன்.

கையெழுத்து விஷயம் தெரிந்ததிலிருந்து உன் அப்பா என்னோடு பேசுவதில்லை. அம்மா பேசுகிறார், டி போட்டு. வருகிற திங்கட்கிழமை நாங்கள் இருவரும் போலீஸ் பெரிய அதிகாரியிடம் மறுவாக்குமூல மனு கொடுக்கப் போகிறோம். மாறுமா என்று தெரியாது. அம்மா மனுவை என்னிடமிருந்து வாங்கி, மூன்று நாளாக எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருக்கிறார். "முழுசாப் படிக்காம நான் போட மாட்டேன், நீயும் போடாத" என்கிறார்.

போடமாட்டேன், மச்சான். இது உனக்குத் தருகிற சத்தியம். இந்தக் கடிதத்தையே முதல் வரியிலிருந்து இரண்டு தடவை படித்துவிட்டேன். எல்லாம் நான் சொன்னதுதான்.

இப்படிக்கு, படித்துப் பார்த்துக் கையெழுத்திடும்
உன் மச்சான்
ரேவதி