சிரித்து உரித்த ஊர்

நவம்பர் 18, செவ்வாய்

மைனஸ் நாலு. விடியப் பனி, பிறகு மழை, பிறகு இரண்டும். காருக்கு இன்னும் குளிர்கால டயர் போடவில்லை. டயர்கள் மருமகன் வீட்டுக் கராஜில். போன் எடுக்கவேண்டும்.

நேற்று மாலை லாஸ் வேகாஸிலிருந்து வந்து சேர்ந்தோம், நானும் புவனமும். எங்கள் நாற்பதாவது கலியாண நாளுக்கு மகள் துளசியின் பரிசு. பிளேன், ஹொட்டேல் எல்லாம் அவளுடைய கார்ட்டில். பழைய இடமெல்லாம் ஆறுதலாகப் பார்த்துவிட்டு வாங்கோ அப்பா என்றாள். பார்த்துவிட்டு வந்தேன். வயிறு எரிகிறது.

துளசிக்குச் சொல்ல முடியாது. ஆசையாகச் செய்த பிள்ளை. ஆகவே இங்கே கொட்டுகிறேன்.

வரவேற்பில் ஆள் இல்லை. ஒரு மெசின், அதற்கு முன்னால் நீண்ட வரிசை. ரிசோர்ட் கட்டணம் என்று ஒன்று. எதற்கு என்று கேட்டால் நீச்சல் தடாகத்துக்காம். தடாகம் திருத்த வேலைக்காகப் பூட்டிக் கிடக்கிறது. கார் நிறுத்தக் காசு. அறையில் கோப்பி போடும் சாமான் இல்லை, கீழே போய் வரிசையில் நில். உட்கார ஒரு வாங்கு கிடையாது, சூதாட்ட மெசினுக்கு முன்னால் மட்டும்தான் கதிரை. பஃபே மூடியாச்சு. காசு மெசினில் நாணயமே இல்லை! வென்றால் ஒரு துண்டுக் கடதாசி வருகிறது. முன்பு தகரத் தட்டில் நாணயம் கொட்டும் சத்தத்துக்கே ஒரு கூட்டம் திரும்பிப் பார்க்கும்.

ஐஸ் மெசினையும் எங்கள் மாடியிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதனால்தான் புவனம் அறையிலிருந்த குளிர்பெட்டியைப் பாவிக்க வேண்டி வந்தது.

அது ஒரு கதை. இந்தமுறை கறி கொண்டு போகாதேங்கோ அம்மா, அது நல்ல ஹொட்டேல் என்று துளசி தலைகீழாக நின்று சொல்லியிருந்தாள். புவனம் தலையாட்டினாள். பிறகு அறக்குளா மீன் குழம்பை உறையவைத்து, மூன்று பை சுற்றி, என்னுடைய கம்பளிச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்துவிட்டாள். சின்ன ரைஸ் குக்கரும். துளசிக்கு மூச்சு விடக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள்.

குழம்பு நன்றாயிருந்தது. அந்த ஊரில் நன்றாயிருந்தது அது ஒன்றுதான்.

19, புதன்

வெயில், ஆனால் சூடில்லாத வெயில். மருந்துக்கடை. பாண். இதயக் குளிசை முடிகிறது.

செயின்ட்-மிஷேல் பக்கம் இருக்கும் பழைய கூட்டாளி நடராசா போன் எடுத்தான். அந்தக் காலத்தில் எங்கள் நாலு குடும்பங்களுக்கும் பயணத் தலைவன் அவன்தான். வருடா வருடம் கிறிஸ்மசுக்கு முந்திய கிழமை லாஸ் வேகாஸ் போவோம். ஹொட்டேல்கள் வெறிச்சோடிக் கிடக்கும், அறையைச் சும்மா தருவது போலத் தருவார்கள். நான் அப்போது துணி ஆலையில் வெட்டுமேசை வேலை. வருடம் முழுவதும் போர்மன் பிரெஞ்சில் குரைப்பான், எனக்கு விளங்குவது பாதி. லாஸ் வேகாஸ் போனால் ஒரு வயதான பரிமாறுகிற பெண், முட்டையும் இறைச்சியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, இன்னும் வேண்டுமா கண்ணே என்று கேட்பாள். என்னை. ஊர் பெயர் கேட்கமாட்டாள், என்ன விசா என்று கேட்கமாட்டாள். அடுத்த வருடம் போனால் முகத்தை ஞாபகம் வைத்திருப்பாள்.

குளியல் தொட்டி நிறைய ஐஸ் நிரப்பி, அதற்குள் நாலு வீட்டுக் கறிச் சட்டிகளையும் இறக்கி வைப்போம். ஐஸ் அள்ளி வருவது பிள்ளைகளின் வேலை. அறை துப்புரவாக்க வரும் மெக்சிக்கோக்காரி மூடியைத் திறந்து மணந்து பார்த்துச் சிரிப்பாள். ஒருமுறை புவனம் அவளுக்கு ஒரு கிண்ணம் போட்டுக் கொடுத்தாள். நல்ல ஹொட்டேல் என்பது அது.

இதையெல்லாம் நடராசாவிடம் சொல்லிக் கத்தினேன். அவன் ஆறுதலாகச் சொன்னான்:

"டேய், அப்பவும் உன்னை உரிச்சவங்கள்தான். சிரிச்சுக்கொண்டு உரிச்சவங்கள்."

எனக்கு அந்தச் சிரிப்புத்தான் வேணும் என்றேன். உரிக்கிறவன் சிரித்துக்கொண்டாவது உரிக்கட்டும். ஏழையை மூன்று நாளைக்கு ராசாவாக வைத்திருந்தான் இல்லையா, அதற்கு நான் கொடுத்தது குறைவு. இப்போது மது கொடுக்கிற இடத்திலும் ஒரு சின்ன விளக்காம். போதுமான அளவு சூதாடினால்தான் அது எரியும், எரிந்தால்தான் ஊற்றுவான். கண்ணால் பார்த்தேன். மனிதனை நம்பாமல் விளக்கை நம்புகிற ஊர்.

பின்னேரம் துளசி போன். பேத்தி மாயாவைக் கார்டரி என்கிற பிள்ளைக் காப்பகத்திலிருந்து கூட்டி வருவது என்னுடைய வேலை, கிழமையில் ஐந்து நாளும். இன்றைக்கு வரவேண்டாம், ரெஸ்ட் எடுங்கோ என்றாள். நல்ல பிள்ளை.

20, வியாழன்

காற்று. பக்கத்து வீட்டுக் குப்பைப் பெட்டி எங்கள் முற்றத்தில்.

துளசி இன்றைக்கும் வரவேண்டாம் என்றாள். ரோட்டு வழுக்குமாம். ரோட்டில் பொட்டுப் பனி இல்லை. முப்பது குளிர்காலம் ஓட்டிய எனக்கு வழுக்கலைப் பற்றிச் சொல்கிறாள். நாளைக்கும் வேண்டாமாம், ஆள் ஒழுங்கு செய்தாச்சாம். யார் ஆள் என்று கேட்டேன். தன்னோடு வேலை செய்கிற ஒரு பெண்ணின் தங்கையாம்.

மாயாவுக்கு அந்தத் தங்கையைத் தெரியுமா? அவளுடைய சப்பாத்தின் ஜிப் இறுகும், அதை எப்படி இழுக்கவேண்டும் என்று தெரியுமா?

புவனத்திடம் கேட்டேன், என்ன நடக்குது என்று. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. ஏதோ தெரியும் இவளுக்கு.

21, வெள்ளி

ஒன்று. இரண்டு. மூன்று. பத்து வரைக்கும் எண்ணிவிட்டு எழுது என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். எழுத என்று சொல்லவில்லை, பேச என்று சொன்னார். பரவாயில்லை.

மருமகன் அரவிந்த் டயர் கொண்டு வந்தான். சென்னைப் பிள்ளை, கொம்பியூட்டர் வேலை, நல்ல குணம். இரண்டு பேருமாக முற்றத்தில் நின்று டயர் மாற்றினோம். மூன்றாவது டயரில் இருக்கும்போது தொண்டையைக் கனைத்தான்.

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. ஹோட்டல் பில் வந்துச்சு. ரூம் ஃப்ரிட்ஜ்ல இருந்த விஸ்கி, வோட்கா, வைன், பியர் எல்லாமே காலின்னு போட்டிருக்கு. துளசி ரொம்ப உடைஞ்சு போயிட்டா."

எனக்கு விளங்கவில்லை. அவன் தொடர்ந்தான். போன வருடம் இதயத்தில் அடைப்புக்குக் கம்பி வைத்த பிறகு ஒரு துளி கூடாது என்று டொக்டர் சொன்னதாம் (எனக்கே சொல்கிறான்), நான் ஒளித்துக் குடிக்கிறேனாம், அந்த நிலையில் மாயாவைக் காரில் ஏற்றினால் என்னவாகும் என்று துளசிக்குப் பயமாம். பிறகு என் தோளில் கை வைத்து, வெளியூர் போனால் கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும், எனக்குப் புரியுது மாமா என்றான். அந்தப் புரிதலுக்குத்தான் அவனை டயரால் அடிக்கவேண்டும் போலிருந்தது.

அப்போதுதான் பிடிபட்டது. அந்தக் குளிர்பெட்டிக்குள் ஒவ்வொரு போத்தலுக்கும் கீழே ஒரு மின்கண்ணாம், பெட்டிக் கதவில் பொடி எழுத்தில் ஏதோ அப்படி இருந்தது. எடுத்துக் கொஞ்ச நேரம் வெளியே வைத்தாலே குடித்ததாகக் கணக்கு. புவனம் முதல் நாளே அத்தனை போத்தலையும் எடுத்து, அலுமாரியின் மேல் பிள்ளைகளை வரிசையில் விடுவது போல அடுக்கி, குழம்பை உள்ளே வைத்தாள். கடைசி நாள் ஒவ்வொன்றையும் துடைத்து அதே இடத்தில் திருப்பி வைத்தாள். ஒரு மூடி திறக்கவில்லை. இவ்வளவு நேர்மையாக யாரும் அந்தப் பெட்டியை நடத்தியிருக்கமாட்டார்கள்.

அவ்வளவையும் நான் குடித்திருந்தால் பிளேனில் வந்திருக்கமாட்டேன், பெட்டியில்தான் வந்திருப்பேன். இதை யோசிக்க ஒருத்தருக்கும் மூளையில்லை.

வாயைத் திறந்தேன். சத்தியம் ஞாபகம் வந்தது. மூடினேன். அரவிந்த் அதை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டு போய்விட்டான். நாலாவது டயரை நானே தனியாகப் போட்டேன்.

22, சனி

பனி, நல்ல பனி. இரண்டுதரம் வழித்தேன்.

நேற்றிலிருந்து புவனத்தோடு பேச்சில்லை. பேசியது இவ்வளவுதான். துளசி புதன்கிழமையே தாயிடம் கேட்டிருக்கிறாள், அப்பா குடிச்சவரோ என்று. இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டு இவள் போனை வைத்திருக்கிறாள். குழம்பைச் சொல்லவில்லை. காரணம் சொல்லாத "இல்லை"யை யார் நம்புவது?

போன வருடம் துளசியின் வேலைச் சிநேகிதர்கள் வந்த நேரம் இவள் கருவாடு பொரித்து, துளசி எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டு, பிறகு குசினிக்குள் வைத்துத் தாயை வாங்கு வாங்கு என்று வாங்கினாள். அது இவளுக்கு இன்னும் ஆறவில்லை. எனக்குத் தெரியும். அதற்காக?

"திரும்பவும் அவளுக்கு முன்னால பட்டிக்காட்டுக்காரி மாதிரி நிக்க என்னால ஏலாது" என்றாள்.

"எனக்குக் குடிகாரன் பட்டம் பரவாயில்லையோ?"

"நீங்கள் ஆம்பிளை. குடிச்சது எண்டால் சனம் மறந்திடும். மணத்தை மறக்காது."

நாற்பது வருடம். இதற்கு மேல் என்ன சொல்வது. கீழே போய் ஹொக்கி பார்த்தேன். தோற்றார்கள்.

யோசித்துப் பார்த்தால் எல்லாம் அந்த ஊரால் வந்த வினை. ஐஸ் மெசின் இருந்திருந்தால் தொட்டி. தொட்டி இருந்திருந்தால் பெட்டி தேவையில்லை. துப்புரவாக்க வந்த மனிசி என்றால் போத்தலைத் தூக்கிப் பார்ப்பாள், மூடி திறக்கவில்லை என்று காண்பாள், சிரிப்பாள், போவாள். இப்போது என்னை அளப்பது பெட்டி. பெட்டி சொன்னதை என் பிள்ளை நம்புகிறாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஹொட்டேலுக்குப் போன் எடுத்தேன். முக்கால் மணி நேரம் பாட்டுப் போட்டார்கள், பிறகு துண்டித்தார்கள்.

23, ஞாயிறு

துளசி வீட்டில் மத்தியானச் சாப்பாடு. போகமாட்டேன் என்று படுத்திருந்தேன். மாயா போனில் வாங்கோ என்றாள். போனேன்.

அரவிந்தின் வைன் போத்தல்கள் வழமையாக அலுமாரித் தட்டில் நிற்கும். ஒன்றும் இல்லை. நான் வருகிறேன் என்று ஒளித்திருக்கிறார்கள். எனக்கு முன்னால் அப்பிள் யூஸ். துளசி என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நடுங்குதா என்று. கோபத்தில் நடுங்கியது.

லாஸ் வேகாஸ் எப்பிடி அப்பா என்றாள். நல்லாயிருந்தது என்றேன். எல்லாம் அப்பிடியே இருக்குது என்றேன். பச்சைப் பொய். புவனம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாயில் வைக்கவில்லை.

பிறகு துளசி மெல்லிய குரலில், மாயாவை மற்ற அறைக்கு அனுப்பிவிட்டு:

"அப்பா, வியாழக்கிழமை டொக்டரிட்ட அப்பொயின்ட்மென்ட் எடுத்திருக்கிறன். நான் லீவு போட்டுட்டு கூட்டிக்கொண்டு போறன். கோவிக்காதேங்கோ."

வரமாட்டேன் என்றேன். வருத்தக்காரன் இல்லை என்றேன். குரல் கூடிவிட்டது. அரவிந்த் எழும்பினான்.

"இருங்கோ தம்பி" என்றாள் புவனம். "துளசி, அவர் ஒண்டும் குடிக்கேல்லை. பெட்டிக்குள்ள இருந்ததெல்லாத்தையும் வெளியில எடுத்து வைச்சது நான்தான். மீன் குழம்பு வைக்க."

துளசி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"குழம்போ?"

"ஓம். அறக்குளா."

துளசி தாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இப்போது வெடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். வெடித்தால் இந்தமுறை நான் புவனத்தின் பக்கம், அதை உள்ளுக்குள் முடிவு செய்துவிட்டேன். மனுசி தன் மானத்தை எடுத்து மேசையில் வைத்துவிட்டாள், எனக்காக. ஆனால் துளசி சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு யூஸ் எடுத்து வருகிறேன் என்று கராஜுக்குள் போனாள். யூஸ் மேசையில்தான் இருந்தது. போனவள் கனநேரம் வரவில்லை.

வந்து தாய்க்குச் சோறு போட்டாள். நாளைக்கு மாயாவை நீங்களே கூட்டுங்கோ அப்பா என்றாள். அவ்வளவுதான். ஒரு சொறி, ஒரு மன்னிப்பு இல்லை! நாலு நாள் என்னைக் குடிகாரனாக வைத்திருந்துவிட்டு, ஒரு சொறி கூட இல்லை. டொக்டர் அப்பொயின்ட்மென்டையும் ரத்துச் செய்வதாகச் சொல்லவில்லை. காரில் வரும்போது புவனத்திடம் இதைச் சொல்லித் திட்டிக்கொண்டு வந்தேன். பேசத் தொடங்கிவிட்டோம் போலிருக்கிறது.

24, திங்கள்

மைனஸ் பதினொன்று. மாற்றிய டயர் நல்ல பிடி.

கார்டரி. மாயாவின் சப்பாத்து ஜிப்பை அந்தத் தங்கை உடைத்திருக்கிறாள், நினைத்தேன். சேஃப்டி பின்னால் ஒப்பேற்றினேன். கதவடியில் நின்ற மிஸ், போன்ஜூர் முசியூ, திரும்பி வந்துவிட்டீர்களே என்றாள். வந்துவிட்டேன்.

காரில் பின்னால் இருந்து மாயா பாதி பிரெஞ்சு, பாதி தமிழில் கேட்டாள், அம்மப்பா, நீங்கள் சாகப் போறீங்களோ என்று.

ஆர் சொன்னது என்றேன். ஒருத்தரும் சொல்லவில்லையாம். அம்மா கராஜுக்குள் போய் நின்று அழுகிறாவாம். ஒவ்வொரு நாளும், வேலையால் வந்த உடனே. ஏன் என்று மாயா கேட்டாளாம். அம்மப்பாவின் நெஞ்சுக்குள் இருக்கிற கம்பி என்று சொன்னாவாம். நேற்றும் அழுதவா, ஆனால் நேற்று சிரித்துக்கொண்டு அழுதவா என்றாள்.

மாயாவின் உயிருக்குத்தான் துளசி பயந்தாள் என்று நினைத்தேன். என்னுடைய உயிருக்கும் பயந்திருக்கிறாள். இது எனக்குத் தோன்றவேயில்லை. ஐந்து நாளாகப் பக்கம் பக்கமாகத் திட்டியிருக்கிறேன், ஒரு வரியில்கூடத் தோன்றவில்லை.

சாகமாட்டன் என்றேன். பிராமிஸா என்றாள். பிராமிஸ் என்றேன்.

வீட்டுக்கு வந்து துளசிக்குச் செய்தி அனுப்பினேன்: வியாழக்கிழமை வாறன். லீவு போடு.